துடைத்தாலும் போகாத வெள்ளை வட்டங்கள்

செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் மாசி மகம் வருகிறதென்றால், எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் கட்டாயம் நடக்கும். ஒன்று, வெளியூர் உறவினர்கள் தங்க இடம் ஒழித்து வைப்பது. மற்றொன்று, அப்பாவின் காரைக் கழுவுவது. நான் படிவம் நான்கில் படித்த ஆண்டு, இரண்டாவது வேலை என் தலையில் விழுந்தது.

காலை பதினொரு மணி வெயிலில் கழுவினேன். சவர்க்கார நுரை போட்டேன், குழாய் நீரால் அலசினேன், தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போனேன். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், கண்ணாடி முழுவதும் வெள்ளை வட்டங்கள். ஸ்போர்ட் ரிம்மில் இருந்த பழுப்புப் புள்ளிகளும் அப்படியே இருந்தன. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தும் போகவில்லை. அவசரத்தில், கழிவறை கழுவும் திரவத்தை எடுத்து வந்து ஒரு ரிம்மில் ஊற்றிவிட்டேன். பழுப்பு போனது. அதோடு ரிம்மின் பளபளப்பும் போனது. அங்கங்கே வெளுத்த திட்டுகள் மட்டும் மிஞ்சின.

தாத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோரில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். "ஏன்டா, பாலுக்கே நாங்க ஆசிட்ட அளந்து, தண்ணியில கலந்துதான் ஊத்துவோம். நீ போத்தலோட கவுத்துட்டியே!" என்றார்.

அந்த ரிம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஆனால், அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வியை இன்று உங்களிடம் கேட்கிறேன். மாணவர்களே, அந்தக் கறை எதனால் ஆனது? இதற்கு விடை தெரியாமல் எந்தத் திரவத்தைத் தொட்டாலும் நமக்குத்தான் நட்டம்.

தெளிந்த நீரில் ஒளிந்திருப்பது

மலாக்கா மாநிலத்தின் குழாய் நீர், ஆறுகளிலிருந்தும் டுரியான் துங்கல் போன்ற அணைக்கட்டுகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் சேர்த்து அழுக்கைப் படிய வைப்பார்கள். குளோரின் சேர்த்துக் கிருமிகளைக் கொல்வார்கள். நீரின் காடித்தன்மையைச் சரிசெய்யச் சுண்ணாம்பும் சேர்ப்பார்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அந்த நீரில் கால்சியம், மக்னீசியம், சிலிக்கா போன்ற கனிமங்கள் கரைந்தே இருக்கின்றன. அவை உடலுக்குத் தீங்கானவை அல்ல.

கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரைக் கடின நீர் என்கிறோம். ஒரு லிட்டரில் 60 மில்லிகிராம் வரை இருந்தால் அது மென்னீர். மலேசியாவின் குடிநீர்த் தரம் 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. நம் நாட்டு ஆற்று நீர் பொதுவாக மென்னீர் வகையைச் சேர்ந்தது. அப்படியானால் கறை எப்படி வருகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சொட்டு நீர் ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர், ஒரு லிட்டருக்கு 20,000 சொட்டுகள். லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சொட்டில் 0.003 மில்லிகிராம் கனிமம் இருக்கும். மிகச் சிறிய அளவுதான். ஆனால், நீர் மட்டும்தான் ஆவியாகிறது. கனிமம் முழுவதும் கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது. கண்ணாடியின் அடி விளிம்பிலும் வைப்பர் ரப்பர் ஓரத்திலும் வாரந்தோறும் நீர் தேங்கிக் காயும். அங்கே படலத்தின்மேல் படலமாகக் கனிமம் ஏறிக்கொண்டே போகும்.

வெயில் இன்னொரு வேலையும் செய்கிறது. நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். சூடு ஏறும்போது கரிவளி வெளியேறி, நீரில் எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட் பிரிந்து படியும். தண்ணீர் காய்ச்சும் மின்சாரக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவும் இதுவேதான். ஈரத்துணி தோற்றுப்போவதற்குக் காரணம் இப்போது புரிகிறதா? நீரில் கரையாத ஒன்றை நீரால் எப்படி அகற்ற முடியும்?

ஏன் வட்டமாக இருக்கிறது?

கறையை உற்றுப் பாருங்கள். நடுவில் மங்கலாகவும் ஓரத்தில் அடர்த்தியாகவும் இருக்கும். மேசையில் சிந்திய காப்பி காய்ந்தாலும் இப்படித்தான் வளையம் விழும். அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் அவருடைய குழுவினரும் இதன் காரணத்தை 1997-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள்.

சொட்டின் விளிம்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. விளிம்பில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது தன்னில் உள்ள துகள்களையும் இழுத்துச் சென்று ஓரத்தில் குவிக்கிறது. நாம் காணும் வெள்ளை வளையம் அந்தக் குவியல்தான்.

கறையைச் சோதியுங்கள்

எல்லாக் கறையும் ஒரே கறையல்ல. கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, நிழலில் வைத்து இந்தச் சோதனைகளைச் செய்யலாம்.

முதலில் சவர்க்கார நீரால் கழுவிக் காய வையுங்கள். கறை போய்விட்டால் அது வெறும் தூசியும் எண்ணெய்ப் பசையும்தான். முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் மங்கலான படலமும் இந்த வகையே. வெயிலில் காயும் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வெளியேறும் ஆவி, கண்ணாடியில் பட்டுப் பசையாகப் படிகிறது.

போகவில்லையென்றால், சமையல் வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்துக் கறையின்மேல் ஐந்து நிமிடம் ஒட்டி வையுங்கள். கறை கரைந்தால் அது கால்சியம் கார்பனேட். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் அதனோடு வினைபுரிந்து, நீரில் கரையும் கால்சியம் அசெட்டேட்டாக மாற்றிவிடுகிறது, கரிவளி வெளியேறுகிறது. பிறகு நிறைய நீர் விட்டு அலசித் துடைத்துவிட வேண்டும். காரின் சாயத்தில் வினிகர் வழிந்து காயவிடக் கூடாது.

வினிகருக்கும் அசையவில்லையா? அது சிலிக்காவாக இருக்கலாம். கண்ணாடியே பெரும்பகுதி சிலிக்காதான். அதனால் இந்தக் கறை கண்ணாடியோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். வினிகரோ எலுமிச்சையோ அதைக் கரைக்காது. கார் நிறுத்துமிடத்தின் கான்கிரீட் கூரை வழியாகக் கசிந்து சொட்டும் நீர் இன்னும் மோசமானது. சிமெண்டிலிருந்து வரும் அந்த நீருக்குக் காரத்தன்மை மிக அதிகம். நாள்பட்டால் கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடும். அரிப்பு என்பது ஒட்டிய கறையன்று, பள்ளம். பள்ளத்தை எந்தத் திரவமும் நிரப்பாது. சீரியம் ஆக்சைடு என்னும் மிக நுண்ணிய பொடியால் மெருகேற்றத் தெரிந்தவர்களிடம்தான் காரை விட வேண்டும்.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையோ மணலையோ எடுக்காதீர்கள். மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சியம் கார்பனேட் 3, சன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. மணல் கறையை மட்டும் சுரண்டாது, கண்ணாடியையும் கீறும். துடைக்கும் முன்பு நீரால் மணலை அலசிவிடச் சொல்வதும் இதனால்தான்.

இது அழகுக்காக மட்டும் செய்யும் வேலையல்ல. இரவில், மழையில், ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரியின் விளக்கொளி கறை படிந்த முன்கண்ணாடியில் பட்டால், ஒளி நேராக உள்ளே வராமல் நாலா பக்கமும் சிதறும். ஓட்டுநருக்கு எதிரே வெள்ளைத் திரை போட்டதுபோல் இருக்கும். ஓரமாகப் போகும் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் படாமல் போகலாம்.

ரிம்மின் கதை வேறு

அடுத்த முறை வீட்டுக் காரைப் பாருங்கள். பெரும்பாலும் முன் ரிம்கள்தான் பின் ரிம்களைவிடக் கறுத்திருக்கும். பிரேக் போடும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால் முன் பிரேக்குகளே அதிகம் உழைக்கின்றன. இரும்பாலான டிஸ்க்கை பிரேக் பேட் அழுத்தித் தேய்க்கும்போது, சூடான இரும்புத் துகள்கள் பறந்து ரிம்மில் ஒட்டுகின்றன. மழையும் பனியும் பட்டதும் அவை துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகின்றன. ஆ ஃபமோசா கோட்டை வாசலில் நீங்கள் பார்த்த செம்பாறைக்கு நிறம் தருவதும் இதே இரும்பு ஆக்சைடுதான்.

இரும்புக் கறைக்கென்றே விற்கப்படும் திரவங்களில் பல, தயோகிளைக்கோலேட் என்ற சேர்மத்தைக் கொண்டவை. அது இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக மாறும். இரும்பைப் பிடித்துவிட்டது என்பதற்கு அந்த நிறமே அடையாளம்.

ரிம் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியத்தின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அதுதான் அதன் கவசம். அலுமினியம் ஆக்சைடு ஈரியல்பு கொண்டது என்று வேதியியல் பாடத்தில் படிப்பீர்கள். அதாவது, வலுவான அமிலத்திலும் கரையும், வலுவான காரத்திலும் கரையும். நான் ஊற்றிய திரவத்தில் இருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ரிம்மின் மேற்பூச்சில் கீறல் இருந்த இடங்களில் அது உள்ளே இறங்கி, கவசத்தைக் கரைத்து, அலுமினியத்தையும் அரித்துவிட்டது.

வினிகரும் அமிலம்தானே என்று கேட்பீர்கள். பி.எச். மதிப்பு 1 குறைந்தால் காடித்தன்மை 10 மடங்கு கூடும். வினிகரின் பி.எச். ஏறக்குறைய 2.5. கழிவறைத் திரவத்துக்கு அது 1-க்கும் கீழே போகலாம். அப்படியென்றால் 30 மடங்குக்கும் மேல் வித்தியாசம். தாத்தா சொன்ன அளவின் பொருள் இதுதான். பால் ஸ்டோரில் ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலத்தை நீரில் கலந்து, அளந்து சேர்ப்பார்கள். அளவு தவறினால் பாலும் கெடும், கையும் வேகும்.

கை கவனம்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து கார் கழுவும் கடைகளில் பகுதி நேர வேலைக்குப் போகும் மாணவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ரிம் கழுவும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். இவை தோலில் பட்டதும் சில வேளைகளில் எரியாது. தோலைக் கடந்து உள்ளே சென்று, உடலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் நமக்குத் தொல்லையாக இருந்த கால்சியம், உடலில் இதயத் துடிப்புக்கே தேவையானது. அதனால் இந்த அமிலம் உயிருக்கே ஆபத்தாகலாம். போத்தலின் ஒட்டுத்தாளைப் படியுங்கள். அந்தப் பெயர்கள் இருந்தால் தொட மறுத்துவிடுங்கள். தவறிப் பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே நிறைய நீரால் கழுவிக்கொண்டே உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு, ஒட்டுத்தாளுடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்னொன்று: துணி வெளுக்கும் திரவத்தையும் வினிகர் உள்ளிட்ட எந்த அமிலத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வாயு வெளிவரும். 1915-இல் முதல் உலகப் போரில் நச்சு வாயுவாகப் பயன்படுத்தப்பட்டது இதுவே.

வராமல் தடுப்பது எளிது

காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவுங்கள். சிறு சிறு பகுதியாக அலசி, சொட்டுகள் காயும் முன்பே மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். நீரே இல்லையென்றால் வட்டமும் இல்லை. ரிம்மை வாரந்தோறும் சவர்க்கார நீரால் கழுவினால், இரும்புத் துகள்கள் துருவாக இறுகும் முன்பே போய்விடும். குழாயைத் திறந்துவிட்டபடி கழுவாமல் வாளியைப் பயன்படுத்துங்கள். 1991-இல் டுரியான் துங்கல் அணைக்கட்டு வறண்டு, மலாக்கா மக்கள் தண்ணீருக்குத் தவித்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடித் துண்டைக் கறுப்புத் தாளின்மேல் வையுங்கள். அதில் நான்கு சொட்டுகள் விடுங்கள்: குழாய் நீர், திறந்த வெளியில் பிடித்த மழைநீர், போத்தலில் வரும் கனிம நீர், போத்தலில் வரும் சாதாரணக் குடிநீர். வெயிலில் காய வைத்து, எதில் வளையம் அடர்த்தியாக விழுகிறது, எதில் ஏறக்குறைய ஒன்றுமே விழவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போத்தல்களின் ஒட்டுத்தாளில் உள்ள கனிம அளவுகளோடு ஒப்பிடுங்கள். கடைசியாக, அடர்த்தியான வளையத்தின்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சிறு குமிழிகள் எழுந்தால், அங்கே இருப்பது என்ன, வெளியேறுவது என்ன என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.