ஒரே நேரத்தில் 400 பேருக்கு மட்டுமே இடம்: லார்ட் ஹோவ் தீவுக்கு ட்ரிப் போவது எப்படி?

வெளிநாட்டு ட்ரிப் என்றாலே பலரும் முதலில் தேடுவது சலுகை விலை விமான டிக்கெட்டைத்தான். டிக்கெட் மாட்டிவிட்டால் போதும், ரூமை அப்புறம் பார்த்துக்கலாம் என்பது கணக்கு. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஒரே நேரத்தில் 400 சுற்றுலாப் பயணிகள் மட்டுமே தங்க முடியும். கூடாரம் போட்டுத் தங்கவும் அனுமதி இல்லை. ரூம் இல்லையென்றால் ட்ரிப்பே இல்லை.

எங்கே இருக்கிறது இந்தத் தீவு?

சிட்னியிலிருந்து வடகிழக்கே சுமார் 700 கி.மீ. தொலைவில், டாஸ்மன் கடலில் பிறை நிலா வடிவில் கிடக்கும் எரிமலைத் தீவு இது. நீளம் சுமார் 11 கி.மீ. அகலம் எந்த இடத்திலும் 3 கி.மீ.யைத் தாண்டாது. ஊர்க்காரர்களே ஏறக்குறைய 400 பேர்தான். மேற்கே பவளப்பாறைகள் அலையைத் தடுத்து நிறுத்துவதால் கரையோரக் கடல் குளம் போல அமைதியாக இருக்கும். தெற்கே 875 மீட்டர் உயர மவுன்ட் கோவர். 1982-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

வெளியிலிருந்து வந்த ஒரே ஒரு கப்பல் இந்தத் தீவுக்குச் செய்த சேதம் கொஞ்சநஞ்சம் அல்ல. 1918-ல் 'மகாம்போ' என்ற கப்பல் இங்கே தரைதட்டியது. அதிலிருந்து எலிகள் கரையேறின. அடுத்த சில ஆண்டுகளில், உலகில் வேறெங்கும் இல்லாத 5 வகைப் பறவைகள் இங்கே அழிந்துபோயின. கை நீளக் குச்சிப் பூச்சி ஒன்றும் அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். தீவுக்கு அருகே கடலில் செங்குத்தாக நிற்கும் 'பால்ஸ் பிரமிட்' பாறையில் 2001-ல் அந்தப் பூச்சி மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2019-ல், தீவு முழுக்க மருந்து வைத்து எலிகளை ஒழிக்கும் பணி நடந்தது. பலன் கண்கூடாகத் தெரிந்தது. 1980 வாக்கில் 30-க்கும் குறைவாக இருந்த 'வுட்ஹென்' என்ற பறக்காத பறவை, இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஆபத்து தீரவில்லை. 2023-ல் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் தென்பட்டதும், தீவின் பெரும்பகுதிக்குள் பயணிகள் நுழையத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. கூட்டமில்லாத பீச் வேண்டும் என்று போகிறவர்களுக்கு அது கிடைப்பதே இந்தக் கெடுபிடியால்தான்.

ப்ளானை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ரூம், அடுத்து தீவுக்கான விமானம், அதன் பிறகுதான் சிட்னிக்கான டிக்கெட். பல மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது. தீவு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால், இந்தியர்களுக்கு வழக்கமான ஆஸ்திரேலிய விசிட்டர் விசாவே போதும்.

சிட்னியிலிருந்து சுமார் 2 மணி நேரப் பயணம். தீவின் ரன்வே 900 மீட்டர்கூட இல்லாததால் சிறிய விமானங்கள் மட்டுமே இறங்கும். காற்று பலமாக வீசினால் விமானம் ரத்தாகலாம், பாதி வழியில் திரும்பவும் நேரலாம். ஆகவே, தீவிலிருந்து சிட்னி வந்த அன்றே ஊருக்கு ஃப்ளைட் பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள். ஒரு ராத்திரியாவது சிட்னியில் தங்குவது போல வைத்துக்கொள்ளுங்கள். லக்கேஜ் எடை வரம்பும் குறைவு என்பதால், சிட்னி வரை கொண்டுவரும் பெரிய பெட்டி இங்கே உதவாது.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. கடல் குளியலுக்கு ஏற்ற காலம், ஆனால் ஆஸ்திரேலியர்களும் லீவில் படையெடுப்பார்கள். நமக்குக் கோடை விடுமுறையான ஏப்ரல், மே அங்கே இலையுதிர் காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காற்று அடிக்கும், சில விடுதிகள் மூடியிருக்கும்.

அங்கே பொழுது எப்படிப் போகும்?

சைக்கிள்தான் பிரதான வாகனம். கார்களுக்கே வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ. நெட்ஸ் பீச்சில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலே பெரிய மீன்கள் காலைச் சுற்றி வரும். மவுன்ட் கோவர் ஏறி இறங்க 8 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். ஒன்றும் செய்யாமல் மணலில் படுத்திருக்கவும் யாரும் தடை சொல்லப்போவதில்லை.

மொபைல் நெட்வொர்க் கிடையாது. விடுதி வைஃபையை நம்பி ஆபீஸ் மீட்டிங்கை ஒப்புக்கொள்ள வேண்டாம். லீவ் என்றால் முழு லீவாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடிகாரத்தையும் கவனிக்கணும். அவர்களின் குளிர்காலத்தில் இந்திய நேரத்தைவிட 5 மணி நேரம் முன்னால் இருக்கும். கோடையில் அரை மணி நேரம் மட்டும் கூடும். ஆஸ்திரேலியாவின் மற்ற இடங்களில் மாற்றினால் ஒரு மணி நேரம் மாற்றுவார்கள்.

செலவு?

மலிவான ட்ரிப் அல்ல. அரிசி முதல் சோப்பு வரை பெரும்பாலான பொருட்கள் சரக்குக் கப்பலில் வருவதால் விலை அதிகம். விமானக் கட்டணமும் தூரத்தைப் பார்த்தால் கூடுதல்தான். 'இவ்வளவு செலவு பண்ணி, போன் எடுக்காத இடத்துக்கா?' என்று தோன்றினால், இந்தத் தீவு உங்களுக்கானது அல்ல.

போவதென்று முடிவெடுத்தால், கிளம்புமுன் ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். பையில் விதை, பூச்சி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். ஒரு கப்பல் இறக்கிவிட்ட எலிகளை ஒழிக்க அந்த ஊருக்கு 100 ஆண்டுகள் ஆனது.