ஆட்டவேட்கையின் தன்கூற்றும் வாசக மெய்ப்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

விளையாட்டில் மிகுவேட்கை கொண்ட ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதும்போது, வாசகர் அவ்வெழுத்தை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. சூது பற்றிய தமிழ், வடமொழி மரபுகள், தஸ்தயேவ்ஸ்கியின் புதினம், அண்மைக்கால இணையவழி விளையாட்டுச் சட்டங்கள், வடசென்னைக் கேரம் ஆட்டம் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கதை அழிவிலோ பதக்கத்திலோ முடிந்த பின்னரே வாசகர் மெய்ப்பாடு கொள்கின்றனர் என்பதும், முடிவு எய்தாத தன்கூற்று கேட்பாரின்றி நிற்கிறது என்பதும் இதன் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: தன்கூற்று, மெய்ப்பாடு, ஆட்டவேட்கை, சூது, இணையவழி விளையாட்டு, இராயபுரம்.

முன்னுரை

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு முதல் இணையவழி விளையாட்டு பெரும் விவாதப் பொருளாக இருந்துவருகிறது. பணம் வைத்து ஆடிக் கடன்பட்டோர் உயிரிழந்த செய்திகள் தொடர்ந்து வெளிவந்த சூழலில், ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2022 ஜூன் மாதத்தில் தன் அறிக்கையை அளித்தது. சட்டம் பிறந்தது, வழக்குகள் எழுந்தன. இவ்விவாதத்தில் பெற்றோர், ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர், நிறுவனத்தார் எனப் பலரும் பேசினர். ஆடுபவரின் குரல் பெரும்பாலும் அவர் வீழ்ந்த பின்னரே, அதுவும் பிறர் வாய்மொழியாகவே கேட்டது.

ஆடுபவர் பேச முன்வராமைக்கு அவருடைய கூச்சம் ஒரு காரணமாகலாம். கேட்போர் எத்தகைய கதையைக் கேட்க ஆயத்தமாக உள்ளனர் என்பதும் அதற்கிணையான காரணமாகும். ஆகவே எழுதுவோரை விடுத்து வாசிப்போரை ஆராய்வது இங்கு நோக்கமாகிறது. தானே தன்னைப் பற்றி உரைக்கும் எழுத்தைக் குறிக்க, அகமரபின் ‘கூற்று’ என்னும் சொல்லை ஒட்டித் ‘தன்கூற்று’ என்னும் சொல் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

மெய்ப்பாடும் விளையாட்டும்

வாசகர் எதிர்வினையைப் பேசுதற்குத் தமிழில் கருவி உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். ஆட்டவேட்கையின் கதைக்கு இவற்றுள் ஐந்து நேரடியாகப் பொருந்துகின்றன. பொருளிழந்தவனைக் காணும்போது இழவும் வறுமையும் நிலைக்களனாக அழுகை பிறக்கிறது. அவனை நோயாளியாகக் காணும்போது பிணி நிலைக்களனாக இளிவரல் தோன்றுகிறது. அவன் குடும்பத்திற்கு விளைத்த கேட்டைக் காணும்போது குடிகோள் நிலைக்களனாக வெகுளி எழுகிறது. அவன் வென்று புகழ்பெறும்போது இசைமை நிலைக்களனாகப் பெருமிதம் உண்டாகிறது.

ஐந்தாவதே இங்கு முதன்மையானது. உவகைக்குத் தொல்காப்பியர் கூறும் களன்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கு. எட்டு மெய்ப்பாடுகளின் முப்பத்திரண்டு களன்களுள் விளையாட்டு தன் பெயராலேயே இடம்பெறுவது உவகையின்கண் மட்டுமே. எனினும் அவ்வுவகைக்கு, துன்பம் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்னும் அடையையும் அவர் சேர்த்துள்ளார். மிகுவேட்கை கொண்டோர் எழுத்தின் சிக்கல் இவ்வடையிலேயே உள்ளது. அவர்தம் ஆட்டத்தில் உவகையும் அல்லலும் பிரிக்கவியலாதபடி கலந்துள்ளன. வாசகரோ இரண்டில் ஒன்றையே கொள்ள விழைகின்றனர். அல்லல் தெரிந்தவுடன் உவகையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றனர்.

உவமையில் மட்டும் வந்த உள்ளம்

பழந்தமிழர் ஆட்டத்தை வெறுத்தனர் எனக் கூறவியலாது. ஊரின் பாழ்நிலையைப் பாடும் புறநானூற்று 52ஆம் பாடல், முதியோர் ஓயாது காய் வைத்து ஆடியதால் குழிந்துபோன வல்லாடும் இடத்தைக் காட்டுகிறது. ஆடுவோர் அகன்றபின் அவ்விடம் காட்டுக்கோழி முட்டையிடும் இடமாகிறது. ஆட்டம் நின்றுபோதலே இங்கு ஊரழிவின் அடையாளம். நிலம் குழியும் அளவு ஆடியோர்மீது பாடலில் பழிச்சொல் இல்லை.

கவறாடுவோன் உள்ளத்தையும் இம்மரபு அறிந்திருந்தது. கலித்தொகையின் நெய்தற்கலியில் 136ஆம் பாடல், தலைவனைக் கூடிய தலைவியின் மகிழ்ச்சிக்கும் பிரிந்தபோது அவள் கொள்ளும் வாட்டத்திற்கும், கவற்றில் நல்ல எண் விழப்பெற்றவன் மனத்தையும் தோற்றவன் மனத்தையும் உவமையாக்குகிறது. உவகையும் அல்லலும் அடுத்தடுத்து வரும் அவ்வுள்ளத்தைக் கேட்போர் அறிவர் என்னும் துணிவிலேயே அவ்வுவமை நிற்கிறது. ஆயினும் அவ்வுள்ளம் உவமையாகவே வந்தது. கவறாடியின் கூற்று ஒரு துறையாக வகுக்கப்படவில்லை. காமத்தின் பித்தைத் தானே எடுத்துரைக்க மடலேறுவோனுக்கு இடமளித்த மரபு, ஆட்டத்தின் பித்துக்கு அவ்விடத்தை அளிக்கவில்லை.

திருக்குறளில் சூது 94ஆம் அதிகாரம். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் அது வைக்கப்பட்டுள்ளது. வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டிலாகக் காணும் முதற்குறள் அறிவுரைப்போனின் குரல். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வாழ்வோர்க்கு அவ்வுவமை உரையின்றியே விளங்கும். இறுதிக் குறளோ, இழக்குந்தோறும் சூதின்மேல் காதல் வளர்வதை, துன்புறுந்தோறும் உயிர்மேல் காதல் வளர்வதோடு ஒப்பிடுகிறது. ஆடுபவன் மட்டுமே கூறத்தக்க உண்மை இது. அதனையும் அறிவுரைப்போனே கூறுகிறான்.

முடிவை எதிர்நோக்கும் வாசகர்

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து 34ஆம் பாடல் தன்கூற்றுக்கு மிகப் பழைய சான்று. தான்றிக்காய்க் கவற்றின் ஓசை தன்னை அழைப்பதையும், மனைவியும் மாமியும் தன்னை வெறுப்பதையும், இனி ஆடேன் என உறுதிபூண்டு மீண்டும் செல்வதையும் சூதாடி தானே உரைக்கிறான். ஆனால் பாடல் அவனை அந்நிலையிலேயே விட்டுவிடவில்லை. கவற்றை விட்டு வயலை உழுக என்னும் அறிவுரை இறுதியில் வந்து சேர்கிறது.

நளன் கதையில் இம்முடிவு நூலமைப்பிலேயே பதிந்துள்ளது. புகழேந்தியின் நளவெண்பா சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. வேட்கை வெளியிலிருந்து வந்து பற்றுகிறது. பின்னர் விட்டு நீங்குகிறது. நளன் கதையைக் கேட்போரைக் கலி அணுகாது என்னும் வரமும், திருநள்ளாற்றோடு இயைந்த மக்கள் நம்பிக்கையும் வாசிப்பையே காப்பாக மாற்றின. வாசகர் நளனோடு துன்புறலாம். அத்துன்பம் நீங்கும் என்பது காண்டப் பெயரிலேயே அவர்க்கு உறுதியளிக்கப்பட்டுள்ளது.

வியாச பாரதம் வேறொரு வாசகனைக் காட்டுகிறது. நளன் கதையை வனத்தில் கேட்பவன், கவற்றில் நாடிழந்த தருமன். தன்னினும் இழிந்த நிலையுற்ற மன்னன் உண்டோ என அவன் வினவ, பிருகதசுவ முனிவர் அக்கதையை உரைக்கிறார். கதை முடிந்தபின் அவனுக்குக் கவற்றின் நுட்ப அறிவையும் வழங்குகிறார். கதைக்குள் நளனை விட்டுக் கலி நீங்குவதும் இருதுபன்னனிடம் அவன் அவ்வறிவைப் பெற்ற பின்னரே. ஆடியவன் கதையை ஆடியவன் கேட்கும் இவ்விடத்தில் பழியும் இல்லை, மருந்தும் இல்லை. ஆட்டத்தை அறிதலே தீர்வாகிறது. பிற்காலத் தமிழ் வாசிப்பில் இக்கூறு முதன்மை பெறவில்லை. பாரதியார் 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்திற்குப் பின்தொடரும் பகுதியில், நாட்டைப் பணயம் வைத்த தருமனைக் கவிஞரே குறுக்கிட்டுக் கடிந்துரைக்கிறார். குடிகோள் கண்டு வெகுளும் வாசகரின் உயர்ந்த வடிவம் அது. அடிமைப்பட்ட நாட்டின் கவிஞர்க்கு அவ்வெகுளி பொருந்துவதே. எனினும் தருமன் தரப்பில் கூறுவதற்கு அங்கு இடமில்லை.

நோய் கணிக்கும் வாசகர்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘சூதாடி’ 1866 அக்டோபரில், பதிப்பாளருக்குக் கொடுத்த கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடியில், 26 நாட்களில் சொல்லி எழுதப்பட்டது. தன்மைக் கூற்றில் அமைந்த அப்புதினத்தில் கலி நீங்குவதில்லை. நாளையோடு யாவும் முடியும் என்னும் எண்ணத்திலேயே கதைசொல்லி நிற்கிறான். வேட்கையின் இயல்பை அம்முடிவின்மை துல்லியமாகக் காட்டுகிறது. வாசகர் அதனை அவ்வாறே விட்டுவைக்கவில்லை. 1928இல் ஃபிராய்டு எழுதிய கட்டுரை, ஆசிரியரின் சூதாட்டத்தைக் குற்றவுணர்வினால் தன்னைத் தானே ஒறுத்துக்கொள்ளும் செயலாக விளக்கியது. எழுத்து நோய்க்குறியாக மாறியது.

இன்று இவ்வாசிப்புக்கு நிறுவனத் துணையும் உண்டு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாடு (பதினொன்றாம் பதிப்பு) ‘விளையாட்டு ஒழுங்கின்மை’யை உள்ளடக்கியுள்ளது. கட்டுப்பாடு குன்றுதல், பிறவற்றினும் ஆட்டம் முதன்மை பெறுதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் என்பன அதன் கூறுகள். பொதுவாக 12 மாத காலம் இந்நிலை நீடித்திருத்தல் வேண்டும். எத்தனை மணிநேரம் என்னும் அளவு அதில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. பொதுவாசகரோ தன்கூற்றில் முதலில் தேடுவது மணிக்கணக்கையே.

அமெரிக்க எழுத்தாளர் டாம் பிஸல் 2010இல் வெளியிட்ட ‘எக்ஸ்ட்ரா லைவ்ஸ்’ என்னும் நூல் இவ்வகையில் கருதத்தக்கது. நிகழ்பட விளையாட்டிலும் போதைப்பொருளிலும் தாம் மூழ்கிக் கிடந்ததையும், எழுத்துப்பணி தடைப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. அதே வேளையில் அவ்விளையாட்டுகள் தமக்கு அளித்த அனுபவம் மெய்யானது என்பதையும் கைவிடவில்லை. அழுகைக்கும் வெகுளிக்கும் இளிவரலுக்கும் உரிய களன்களையெல்லாம் அளித்துவிட்டு உவகையையும் விடாது பற்றிநிற்கும் இத்தகைய எழுத்து, வாசகரை ஏதேனும் ஒரு மெய்ப்பாட்டில் தங்கவிடுவதில்லை.

இராயபுரத்துப் பலகையும் பதக்கமும்

இராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் கேரம் பலகை தெருவிலும் மன்றங்களிலும் காணக்கூடிய ஒன்று. வேலை முடிந்தோரும் வேலையற்றோரும் பள்ளி மாணவரும் இரவு நெடுநேரம் அதனைச் சூழ்ந்து நிற்பதுண்டு. இப்பழக்கம் நெடுங்காலம் பொழுதைக் கொல்லும் செயலாகவே பேசப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இருமுறை உலக வாகையராகி 1996ஆம் ஆண்டுக்குரிய அருச்சுனா விருது பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்த கேரம் உலகக் கோப்பையில், வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது.

அதன் பின்னர், பலகையின் முன் கழிந்த மணிநேரங்கள் ‘பயிற்சி’ என்னும் பெயரைப் பெற்றன. பதக்கத்திற்கு முந்திய நாளும் அம்மணிநேரங்கள் அவையே. மாறியது வாசகரின் மெய்ப்பாடு மட்டுமே. இசைமை வந்தது, பெருமிதம் பிறந்தது. பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) திரைப்படத்திலும் இதே தர்க்கத்தைக் காணலாம். துறைமுகத் தொழிலாளியான கபிலனின் குத்துச்சண்டை வேட்கையைத் தாய் தடுக்கிறாள். அவ்வேட்கையின் நியாயம் களத்தில் அவன் பெறும் வெற்றியால் நிலைநாட்டப்படுகிறது. அதே மன்றத்தில் அதே ஆண்டுகளைக் கழித்து, மாவட்டப் போட்டியிலும் வெல்லாத ஒருவர் தம் வாழ்வை எழுதினால் அதற்குரிய மெய்ப்பாடு யாது? அவர் அழிந்தவரல்லர், புகழ்பெற்றவருமல்லர். எண்ணிக்கையில் இவரே மிகுதி. எழுத்தில் இவர் இல்லை.

சட்டத்தின் முன் தன்கூற்று

சட்டமும் ஒருவகை வாசிப்பே. தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன்சார் ஆட்டங்கள் எனக் கொண்டு அவற்றிற்கான தடையை நீக்கி, வாய்ப்புசார் ஆட்டங்களுக்கான தடையை ஏற்றது. பண விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை இடைநிறுத்தம் விதித்த விதிகளை 2025 ஜூனில் அந்நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறன், வாய்ப்பு என்னும் வேறுபாடின்றிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்விளையாட்டுகளை ஊக்குவிப்பனவாக வேறுபடுத்தியது.

இங்கும் இருவகை முடிவுகளே பெயர் பெற்றுள்ளன: இழப்பு, போட்டி வெற்றி. சட்டத்திற்கு எல்லைகள் தேவை என்பதில் ஐயமில்லை. உயிரிழப்பைத் தடுப்பதே அதன் முதற்கடன். ஆயின் இழப்புக்கு முந்திய நிலையில் ஒருவர் பேசத் துணிவதற்கான வெளியைச் சட்டத்தால் உருவாக்க இயலாது. அது கேட்போரின் பொறுப்பாகும். ‘எனக்கு இது பிடித்திருக்கிறது, விட முடியவில்லை’ என ஒருவர் கூறும்போது, வாக்கியத்தின் முற்பகுதியைக் கேளாதவரிடம் அவர் பிற்பகுதியையும் மறைக்கவே முற்படுவார். உவகையை ஒப்புக்கொள்ளாத செவி அல்லலையும் காலந்தாழ்த்தியே கேட்கும்.

முடிவுரை

இவ்வாய்வில் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆட்டவேட்கையின் தன்கூற்றுக்கு வாசகர் காட்டும் எதிர்வினை அவ்வெழுத்தின் முடிவைச் சார்ந்தே அமைகிறது; அழிவு அழுகையையும் வெகுளியையும், நோய் இளிவரலையும், பதக்கம் பெருமிதத்தையும் தருகின்றன. இரண்டாவது, விளையாட்டைப் பெயர்சுட்டி இலக்கணம் இணைத்த உவகையே இவ்வெதிர்வினைகளில் இடம்பெறுவதில்லை. மூன்றாவது, அல்லலும் உவகையும் கலந்த உள்ளத்தை ஏற்கும் வாசிப்புக்குத் தமிழ் மரபில் முன்சான்று உண்டு. நெய்தற்கலியின் உவமையும் புறநானூற்றின் குழிந்த வல்லிடமும் அதனைக் காட்டுகின்றன.

உவமையாக வந்த அவ்வுள்ளத்தைக் கூற்றாகவும் ஏற்பதே இனி வாசகர்க்கு உள்ள பணி. வடசென்னை மன்றங்களிலும் கைப்பேசித் திரைகளிலும் வெற்றியின்றியும் அழிவின்றியும் ஆடிக்கொண்டிருப்போரின் தன்கூற்றுகளைத் திரட்டி ஆராய்வதற்குத் தமிழ் ஆய்வுலகில் இடம் உள்ளது. அத்தகைய எழுத்துக்கு முன் அறிவுரை கூறவும் நோய் கணிக்கவும் பலர் உள்ளனர். வனத்தில் நளன் கதையைக் கேட்ட தருமனைப் போல, இறுதிவரை கேட்போரே அதற்கு இன்னும் வாய்க்கவில்லை.