சீட்டித் துணி சீமைக்குப் போன கதை



தீபாவளி நெருங்கினால் யான் பட்டணத்துத் துணிக்கடையில் சன்னல் திரைக்கும் மெத்தை உறைக்கும் பூப்போட்ட துணி எடுக்கிறோம். நம் பாட்டிமார் அதைச் சீட்டி என்றார்கள். மலாய்க்காரர் சித்தா என்பர். ஆங்கிலேயர் சிண்ட்ஸ் என்பர். மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தாம்.

17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில், பழவேற்காடு, மசூலிப்பட்டணம் பக்கங்களில், இத்துணியில் பூவும் கொடியும் கையாலேயே எழுதினார்கள். வெள்ளைத் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டி, சாயவேர் போட்ட கொப்பரையில் வேகவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடி, அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். கிளந்தான் பாத்தேக் வேலையைப் பார்த்தவர்களுக்கு இந்த மெழுகு புதிதல்ல. எத்தனை முறை வெளுத்தாலும் நிறம் நிற்கும். பருத்தியில் இப்படிச் செய்யும் வித்தை அன்று ஐரோப்பியருக்குத் தெரியாது.

1663-இல் லண்டன் அதிகாரி சாமுவேல் பெப்பீஸ் தம் மனைவியின் படிப்பறைச் சுவரை அலங்கரிக்க இத்துணியை வாங்கினார். பிறகு சீமாட்டிகளின் கட்டில் திரை, நாற்காலி உறை எல்லாம் சீட்டிதான். விலை மலிந்த ரகங்களைப் பணிப்பெண்களும் உடுத்தத் தொடங்கியபோது, எசமானி யார், வேலைக்காரி யார் என்று தெரியவில்லையே என்ற புலம்பல் எழுந்தது! பிழைப்புப் போன நெசவாளிகளின் கோபமோ வேறு. 1719-இல் லண்டன் வீதிகளில் பெண்களின் சீட்டி உடைகளையே கிழித்தார்கள். செய்தது கொடுமை, ஆனாலும் அவர்கள் அடுப்பும் எரிய வேண்டுமல்லவா?

பிரான்சு 1686-இலேயே தடை போட்டது. இங்கிலாந்து 1700-இல் இறக்குமதியையும், 1721-இல் உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுத்தது. தடுத்த பொருளுக்கு மவுசு கூடாதா? பணக்காரர் கள்ளத்தனமாக வாங்கினார்கள். கல்கத்தா வணிகர்கள் நடிகர் டேவிட் கேரிக் குடும்பத்துக்கு அனுப்பிய மசூலிப்பட்டணத்துக் கட்டில் திரையைச் சுங்க அதிகாரிகள் 1775-இல் பறித்தார்கள். மன்றாடிய பின்பே அது வீடு சேர்ந்தது. இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கேரிக்கின் பெயரோடு இருக்கிறது. அதை எழுதிய கைகளுக்குப் பெயர் இல்லை.

இதற்குள் வித்தையும் வெளியேறிவிட்டது. சோழமண்டலக் கரையில் இருந்த கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறைகளை 1742-இல் கடிதமாக எழுதி அனுப்பினார். பிரான்சில் 1759-இல் தடை நீங்க, மறு ஆண்டே ஓபர்காம்ஃப் என்பவர் ஜூயி என்னும் ஊரில் அச்சுப் பட்டறை தொடங்கினார். பின்னர் உருளை இயந்திரம் வந்து, ஏழை வீட்டுச் சன்னலிலும் பூத்துணி தொங்கியது. உடனே பெரிய மனிதர்களுக்கு அது கசந்துவிட்டது. சிண்ட்ஸ் என்ற அதே சொல்லிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சிண்ட்சி என்றொரு சொல் பிறந்தது. அதற்குப் பொருள், மலிவுச் சரக்கு.