சாத்து

வணிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து செய்த பயணத்தையும் அக்கூட்டத்தையும் பழந்தமிழ் ‘சாத்து’ என்று குறித்தது. பொருளுடன் கூடியது என்று பொருள்படும் ‘சார்த்த’ என்னும் வடசொல்லின் திரிபாக இதனை அறிஞர் பலர் கொள்வர். சாத்தின் தலைவன் சாத்துவன் எனப்பட்டான். சிலப்பதிகார நாயகன் கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரிலும் இச்சொல்லே நிற்கிறது.

பாலை வழிகளில் ஆறலைகள்வர், அதாவது வழிப்பறி செய்வோர், பதுங்கியிருந்ததால் தனிவழிப் பயணம் உயிருக்கே கேடாக முடியும் என்பதே இவ்வழக்கத்திற்கு முதற்காரணம். நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர் என்னும் உப்பு வணிகர், மனைவி மக்களுடன் மாட்டுவண்டிகளை வரிசையாக ஓட்டிச் சென்றதையும், மேடுபள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்குச் ‘சேம அச்சு’ ஒன்றை வண்டியிலேயே கட்டிவைத்ததையும் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. வணிகம் என்பதைவிட நகரும் குடியிருப்பு என்றே இதனைச் சொல்லத் தோன்றும்.

ஆனால், கூட்டமாகச் செல்லும் பயணமெல்லாம் சாத்து ஆகிவிடாது. சிதம்பரத்திற்குக் கிழக்கே உள்ள கிள்ளைக் கடற்கரைக்கு மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் அடியார்கள் சூழ எழுந்தருள்வது ஊதியம் கருதாத கூட்டுப்பயணமாதலால், அது சாத்து அன்று, யாத்திரை. கடல்நீராட்டாகிய தீர்த்தவாரிக்கு வரும் பெருமாளைக் கிள்ளை தர்காவைச் சார்ந்த இஸ்லாமியர் வரவேற்றுப் பட்டு அளிப்பது வழக்கம். அப்பட்டைச் ‘சாத்துதல்’ என்பது அணிவித்தலைக் குறிக்கும் வேறொரு சொல்.