அழைப்புகளுக்கு ஒரு வாசற்காவல்



வங்கிக்கோ மருத்துவமனைக்கோ நாம் தொலைபேசியில் அழைக்கிறோம். மறுமுனையில் மணி அடிக்கிறது. ஒருவர் எடுத்துப் பேசுகிறார். முன்பெல்லாம் இந்தப் பேச்சு தொலைபேசிக் கம்பி வழியாகவே சென்றது. இப்பொழுது பல நிறுவனங்களில் அது இணையத்தின் வழியாகச் செல்கிறது. செலவு குறைவு, எத்தனை கிளைகள் இருந்தாலும் ஒரே தொலைபேசி அமைப்பாக இணைத்துவிடலாம். ஆனால், இணையம் என்பது பொதுச்சாலை. அதில் வேலையாக வருபவனும் வருவான், திருட வருபவனும் வருவான். ஆகவே, நிறுவனத்தின் வாசலில் அழைப்புகளுக்கென்றே ஒரு காவல் வேண்டியிருக்கிறது. அந்தக் காவல் கருவிக்கு ‘செஷன் பார்டர் கண்ட்ரோலர்’ என்று பெயர். நாம் அதை ‘வாசற்காவல்’ என்றே சொல்லிக்கொள்வோம். கணினி படித்து நகரத்து அலுவலகங்களுக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர் நாளை இந்தக் கருவியைப் பராமரிக்க வேண்டிவரலாம்.

இணையத்தில் ஓர் அழைப்பு இரண்டு பகுதிகளாகச் செல்கிறது. யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கட்டுமா, பேச்சு முடிந்ததா என்று கேட்டுச் சொல்லும் செய்திகள் ஒரு பகுதி. இச்செய்திகளுக்குரிய ‘சிப்’ என்னும் விதிமுறை 1999ஆம் ஆண்டில் வெளியாகி, 2002இல் திருத்தி அமைக்கப்பட்டது. நம் குரல் மற்றொரு பகுதி. அது சிறு சிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டு, வழக்கமாக ஒரு விநாடிக்கு 50 பொட்டலங்கள் வீதம் வேறு வழியாகச் செல்கிறது. குரல் எந்தக் கதவு வழியாக வரும் என்பது ஒவ்வோர் அழைப்பிலும் மாறும். எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தால் ஆபத்து. மூடி வைத்தால் பேச முடியாது. வாசற்காவல் அந்தச் செய்திகளைப் படித்து, அந்த ஓர் அழைப்புக்குரிய கதவை மட்டும் திறக்கிறது. பேச்சு முடிந்ததும் மூடிவிடுகிறது.

இனி, அதன் மற்ற வேலைகளைப் பார்ப்போம்.

தோட்டத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே அனுப்புவார்கள். எந்த லயத்தில் எத்தனையாவது வீடு என்பது வெளியாருக்குத் தெரியாது. அலுவலகத்திலிருந்துதான் கடிதம் உரியவரிடம் போய்ச் சேரும். வாசற்காவலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் தொலைபேசிகளின் இணைய முகவரிகளை மறைத்து, வெளியே தன் முகவரியை மட்டுமே காட்டுகிறது. வீடு எங்கே என்று தெரியாத திருடன் எந்தக் கதவைத் தட்டுவான்?

அடுத்தது, மொழிபெயர்ப்பு. இரண்டு கம்பெனிகளின் கருவிகள் ஒரே விதிமுறையை வேறு வேறு விதமாகக் கையாளலாம். ஒன்று குரலை விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் அனுப்பும். மற்றொன்று சுருக்கி, 8 கிலோபிட்டில் அனுப்பும். மலாயும் தமிழும் அறிந்தவர் இருவருக்கு இடையே நின்று பேசி வைப்பது போல, வாசற்காவல் இரண்டையும் பொருத்தி வைக்கிறது.

மூன்றாவது, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல். ஒரு பாதை 20 பேச்சுகளைத்தான் தாங்கும் என்றால், இருபத்தோராவது பேச்சை உள்ளே விட்டால் எல்லாருடைய குரலும் விட்டுவிட்டுக் கேட்கும். ஆகவே, அதை நிறுத்தி வைக்கிறது. அவசர அழைப்புக்கு முதலிடம் கொடுக்கவும் அதற்குக் கட்டளையிடலாம்.

நான்காவது, திருட்டைத் தடுத்தல். தொலைபேசியில் என்ன திருட்டு என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் மையாமி நகரில் 2006ஆம் ஆண்டில் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் இணையத் தொலைபேசி நேரத்தை மலிவாக விற்றார். விற்றதோ பத்து மில்லியனுக்கும் அதிகமான நிமிடங்கள். ஆனால், அந்த அழைப்புகளைப் பிறருடைய அமைப்புகளுக்குள் திருட்டுத்தனமாகப் புகுத்தினார். அனுமதி எண்களைக் கண்டுபிடிக்கச் சோதனை அழைப்புகளைக் குவியல் குவியலாக அனுப்பினார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கருவிகளுக்குள் புகுந்து, தங்கள் தடத்தையும் மறைத்தார்கள். பணம் அவருக்கு, நட்டம் மற்ற நிறுவனங்களுக்கு. 2010இல் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நல்ல வாசற்காவல் இத்தகைய சோதனை அழைப்புகளைக் கவனிக்கும். ஒரே இடத்திலிருந்து ஓயாமல் தட்டுகிறவனை ஒதுக்கி வைக்கும். அலுவலகம் பூட்டிய நள்ளிரவில் வெளிநாட்டுக்கு அழைப்பு மேல் அழைப்பாகப் போனால் நிறுத்தும். எல்லாவற்றையும் கணக்கில் பதிந்து வைக்கும். ஆனால், அளவு இவ்வளவு, நேரம் இன்னது என்று மனிதர்தாம் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். கேட்டில் ஜாகாவை நிறுத்திவிட்டு, யாரை விடலாம் என்று சொல்லாமல் போனால் அவர் என்ன செய்வார்?

இன்னொன்றும் உண்டு. வழியில் யாரும் ஒட்டுக் கேட்காதபடி குரலை மறைக்குறியீடாக மாற்றி அனுப்பலாம். பல இடங்களில் வாசற்காவல் அந்தப் பூட்டைத் திறந்து, மறுபடி பூட்டித்தான் உள்ளே அனுப்புகிறது. ஆகவே, அதன் சாவியை வைத்திருப்பவர் நாணயமானவராக இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்யும் கருவியாலும் ஒன்று முடியாது. வாசல் கடந்து வந்த குரல் மெய் பேசுகிறதா, பொய் பேசுகிறதா என்று அதற்குத் தெரியாது. “நான் போலீஸ், உங்கள் பேரில் வழக்கு இருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள்” என்று வரும் அழைப்பு எல்லா வாசல்களையும் தாண்டி நம் காதுக்கு வந்துவிடலாம். அங்கே காவல் நாம்தான். வங்கி எண்ணையோ இரகசிய எண்ணையோ சொல்லாதீர்கள், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு காலம் கடத்த வேண்டாம். மலேசியாவில் 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997 என்ற எண்ணில் அழைக்கலாம். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. அந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பாட்டி தாத்தாவுக்கும் சொல்லி வையுங்கள்.