பவர் பிரஸ் விபத்துகளும் நஷ்டஈட்டுச் செலவும்

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நமது நாட்டில் 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேரும் விபத்தில் தொழிலாளி காயமுற்றாலோ உயிரிழந்தாலோ வேலை கொடுப்பவர் நஷ்டஈடு வழங்கியாக வேண்டும் என்பதே அதன் சாரம். அதற்கு முன்னர், விபத்துக்குக் காரணம் முதலாளியின் கவனக்குறைவே என்பதைத் தொழிலாளியோ அவரது குடும்பத்தாரோ நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. தவறு யாருடையது என்ற விசாரணையை ஒதுக்கிவிட்டு, காயத்தின் அளவையே கணக்கில் கொண்டது இச்சட்டத்தின் சிறப்பு. 2010இல் இதன் பெயர் ஊழியர் நஷ்டஈட்டுச் சட்டம் என மாற்றப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் இதன் விதிகள், 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஏழாம் அத்தியாயமாக இடம் பெற்றுள்ளன.

நஷ்டஈட்டைக் கணக்கிடும் முறை எளியது. மரணம் நேர்ந்தால் மாத ஊதியத்தில் 50 சதவீதத்தையும், நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டால் 60 சதவீதத்தையும், தொழிலாளியின் வயதுக்கு உரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98; 50 வயதுக்கு 153.09. வயது ஏற ஏற எண் குறைவது, இன்னும் ஈட்டக்கூடிய ஆண்டுகள் குறைவதைக் காட்டுகிறது. 2020 ஜனவரியில் கணக்கிடுதற்குரிய மாத ஊதியத்தின் உச்ச வரம்பு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த அளவில், 30 வயதுத் தொழிலாளியின் மரணத்துக்கு 15,59,850 ரூபாய் கிடைக்கும். பகுதி ஊனமாயின் அட்டவணையில் உறுப்புக்கு உறுப்பு விகிதம் குறிக்கப்பட்டிருக்கிறது. கட்டை விரல் முழுவதும் போனால் ஈட்டுந்திறனில் 30 சதவீத இழப்பு. சுட்டு விரல் முழுவதும் போனால் 14 சதவீதம். அதன் ஒரே கணு போனால் 9 சதவீதம். அதே 30 வயதுத் தொழிலாளி சுட்டு விரலை இழந்தால் ஏறக்குறைய 2,62,000 ரூபாய் பெறுவார்.

இத்தொகையைச் செலவாகவே பார்க்கும் நிர்வாகி அதைக் குறைக்க விரும்புவது இயல்பு. குறைப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, விபத்தைப் பதிவு செய்யாமல் விடுவது, ஒப்பந்தக்காரரின் ஆள் என்று கைகழுவுவது, வழக்கை இழுத்தடிப்பது. மற்றது, விரல் நசுங்காமல் இயந்திரத்தைத் திருத்துவது. முதல் வழியில் செலவு நிர்வாகத்தின் ஏட்டிலிருந்து தொழிலாளியின் வீட்டுக்கு இடம் மாறுகிறதேயன்றிக் குறைவதில்லை. இரண்டாவது வழி ஏன் பரவவில்லை என்பதை ஹரியானாவின் மோட்டார் உதிரிபாகத் தொழிலைக் கொண்டு ஆராயலாம்.

பிரஸ்ஸும் கையும்

குருகிராம், மானேசர், ஃபரீதாபாத் வட்டாரம் நாட்டின் பெரிய மோட்டார் வாகன உற்பத்தி மையங்களுள் ஒன்று. பெயர் பெற்ற வாகனத் தொழிற்சாலைகளைச் சுற்றி, அவற்றுக்கு நேரடியாகப் பாகங்கள் தரும் ஆலைகளும், அந்த ஆலைகளுக்குச் சிறு பாகங்கள் செய்து தரும் பட்டறைகளும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. கீழ் அடுக்குகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர். இவ்வட்டாரத்தில் காயமுற்ற தொழிலாளருக்கு உதவி வரும் 'சேஃப் இன் இந்தியா' என்னும் அமைப்பு 2019 முதல் வெளியிட்டு வரும் அறிக்கைகள், விரலும் கையும் நசுங்கும் காயங்களுக்குப் பவர் பிரஸ்ஸே தலையாய காரணம் என்று காட்டுகின்றன.

பவர் பிரஸ் என்பது தகட்டை வெட்டவும் வளைக்கவும் பயன்படும் இயந்திரம். மின்மோட்டார் ஒரு கனத்த சக்கரத்தை இடைவிடாமல் சுழற்றிக்கொண்டிருக்கும். தொழிலாளி காலால் மிதியை அழுத்தியதும் கிளட்ச் அச்சக்கரத்தைத் தண்டுடன் இணைக்கும். மேல் டை இறங்கித் தகட்டை அடித்துவிட்டு மேலேறும். தகட்டை வைப்பதும் அடிபட்ட பாகத்தை எடுப்பதும் பல பட்டறைகளில் கையால்தான். ஒரு ஷிப்டில் கை ஆயிரக்கணக்கான தடவை இரு டைகளுக்கும் இடையே சென்று வருகிறது. காலும் கையும் ஒருமுறை தாளம் தவறினால் போதும்.

பழைய வகை பிரஸ்களில் மற்றோர் அபாயமும் உண்டு. அவற்றின் கிளட்ச், 'கீ' எனப்படும் சிறு எஃகுத் துண்டினால் இயங்குவது. அந்தத் துண்டு தேய்ந்தாலோ, அதை விடுவிக்கும் சுருள்வில் தளர்ந்தாலோ, மிதியை யாரும் தொடாமலே டை மறுபடியும் இறங்கும். தொழிலாளர் இதை 'டபுள் அடிக்கிறது' என்பர். முதல் அடி முடிந்தது என்று நம்பிப் பாகத்தை எடுக்கக் கை உள்ளே போகும் நேரத்தில்தான் இரண்டாவது அடி விழுகிறது. இதில் தொழிலாளியின் கவனத்துக்கு வேலையே இல்லை.

இங்கு ஒரு தொழில்நுட்பச் செய்தியை அதிகாரிகள் நினைவிற்கொள்வது நல்லது. டைக்கு முன்னால் ஒளித்திரைச் சாதனம் பொருத்தினால், கை குறுக்கே சென்றதும் பிரஸ் நின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உராய்வுக் கிளட்சும் நல்ல பிரேக்கும் உள்ள பிரஸ்ஸுக்கு இது பொருந்தும். கீ கிளட்ச் உள்ள பிரஸ்ஸோ, இறங்கத் தொடங்கிவிட்டால் முழுச் சுற்றை முடிக்காமல் நிற்காது. அதன்மீது ஒளித்திரையைப் பொருத்துவது வீண். பாதுகாப்பு இருப்பதாக ஒரு தோற்றத்தைத் தருவதால் கேடும்கூட. அத்தகைய பிரஸ்ஸுக்கு ஏற்றவை விரல் நுழைய முடியாத நிலைத் தடுப்பு, மூடிய பின்னரே கிளட்ச் இயங்கும்படி பிணைத்த தடுப்பு, சறுக்குப் பாதை வழியே தகட்டை உள்ளே தள்ளும் அமைப்பு ஆகியவையே. இடுக்கியும் காந்தப் பிடியும் இவற்றுக்குத் துணையாகலாம், மாற்றாகா. சில தடுப்புகளுக்கு ஆகும் செலவு, மேலே கண்ட ஒரு சுட்டு விரலின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆபத்தான இயந்திர பாகங்களுக்குத் தடுப்பு அமைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறியது; அதன் இடத்தில் வந்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொகுப்பும் பணியிடத்தை ஆபத்தற்றதாக வைத்திருக்கும் கடமையை வேலை கொடுப்பவர்மீதே சுமத்துகிறது. ஆகவே சட்டம் இல்லை என்று கூறுவதற்கில்லை.

செலவு யாருடையது?

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தின்கீழ் வருகின்றனர். 1948ஆம் ஆண்டில் சட்டமாகிய இத்திட்டம் தொழிலாளருக்குப் பெரிய அரண். சுட்டு விரலை இழந்த தொழிலாளி மொத்தத் தொகைக்குப் பதிலாக வாழ்நாள் முழுவதும் மாத உதவி பெறுகிறார். 15,000 ரூபாய் ஊதியத்துக்கு அது ஏறக்குறைய 1,890 ரூபாய். வழக்காட வேண்டியதில்லை, முதலாளி நொடித்துப் போனாலும் உதவி நிற்காது. வேலை கொடுப்பவர் ஊதியத்தில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகின்றனர்; 2019 ஜூலை முதல் உள்ள விகிதம் இது.

ஆனால் இந்த 3.25 சதவீதம் எல்லா ஆலைகளுக்கும் ஒன்றுதான். தடுப்புகளைப் பொருத்தி ஆண்டு முழுவதும் விபத்தில்லாமல் நடத்தும் ஆலையும், மாதந்தோறும் ஒரு தொழிலாளியை மருத்துவமனைக்கு அனுப்பும் ஆலையும் ஒரே வீதத்தில் சந்தா செலுத்துகின்றன. ஈட்டுறுதி பெற்ற தொழிலாளி முதலாளியிடமிருந்து தனியே நஷ்டஈடு கோரவும் முடியாது. இதன் விளைவாக, விபத்தின் செலவு அதை உண்டாக்கிய பட்டறையின் கணக்கில் எழுதப்படுவதே இல்லை. எல்லா ஆலைகளின் சந்தாவிலும் அது கலந்து கரைந்துவிடுகிறது. தடுப்புக்குச் செலவிடும் முதலாளிக்குச் சந்தாவில் ஒரு காசும் மிச்சமாகாத நிலையில், நஷ்டஈட்டைக் குறைக்கத் தடுப்பு அமையுங்கள் என்ற அறிவுரை அவர் காதில் ஏறாததில் வியப்பில்லை.

ஜெர்மனியில் 1884ஆம் ஆண்டில் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது, ஒரே தொழிலைச் சேர்ந்த முதலாளிகள் தமக்குள் சங்கம் அமைத்துச் சந்தா திரட்டும் முறை ஏற்பட்டது. அபாயம் மிகுந்த தொழிலுக்குச் சந்தா கூடுதல். பிறர் ஆலையில் நேரும் விபத்துக்குத் தாமும் பணம் கொடுக்க வேண்டியிருந்ததால், சங்கங்களே பாதுகாப்பு விதிகளை வகுத்து, ஆய்வாளர்களை அமர்த்தி, ஆலைகளைச் சோதிக்கத் தொடங்கின. நமது ஈட்டுறுதிச் சட்டத்திலும் இந்த எண்ணத்தின் நிழல் இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆலையின் சுகாதாரக் கேட்டினால் தொழிலாளரிடையே நோய் அளவுக்கு மீறினால், அதிகப்படியான நோய்க்கால உதவித் தொகையை உரிமையாளரிடமே கேட்டுப் பெற 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு கழகத்துக்கு இடமளித்தது. நோய்க்குப் பொருந்திய நியாயம் நசுங்கிய விரலுக்கும் பொருந்தாமல் போக வேண்டியதில்லை. விபத்துப் பதிவேட்டின்படி சந்தா வீதத்தை ஏற்றி இறக்கும் முறையை ஆராய்வது தகும். அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. விபத்து கூடினால் சந்தா கூடும் என்றதும், விபத்தை மறைக்கும் ஆசையும் கூடும். கழகத்தின் மருத்துவமனைப் பதிவுகளையும் தொழிற்சாலை ஆய்வுத் துறையின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இல்லாமல் இத்தகைய முறை தொழிலாளிக்கே தீங்காக முடியும்.

மறைப்பு இப்போதும் இல்லாமல் இல்லை. தொழிலாளியின் ஈட்டுறுதி அட்டை வேலையில் சேர்ந்த அன்று கிடைக்காமல், விபத்து நடந்த பிறகே கைக்கு வருவதைக் கள அறிக்கைகள் மீண்டும் மீண்டும் குறிப்பிட்டுள்ளன. பிரஸ் ஓட்டுபவர் ஏட்டில் 'ஹெல்பர்' என்றே இருப்பதும் உண்டு.

கவனக்குறைவு என்னும் விளக்கம்

விபத்து அறிக்கைகளின் காரணப் பத்தியில் அடிக்கடி காணப்படுவது 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற சொற்றொடர். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய ஹைன்ரிக் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பெரும்பாலான விபத்துகளுக்குத் தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களே காரணம் என்று எழுதினார். பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய கணக்கை ஏற்கவில்லை. மேற்பார்வையாளர்கள் எழுதிய அறிக்கைகளை நம்பி வகுத்த கணக்கு அது என்பது அவர்களது மறுப்பு. அவர் சொன்ன மற்றொன்று பயனுள்ளது. நஷ்டஈடும் மருத்துவச் செலவும் விபத்தின் நேர்ச்செலவுகள் மட்டுமே. நின்றுபோன இயந்திரம், கெட்டுப்போன டை, வேலையை விட்டு ஓடிவந்த பிறர், புதிய ஆளைப் பழக்கும் காலம் ஆகிய மறைமுகச் செலவுகள் அதைப்போல் நான்கு மடங்கு என்றார். நான்கு என்ற எண் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. எனினும் சந்தா வீதம் மாறாத நமது நிலையில், முதலாளிக்கு உண்மையில் மிச்சமாகக் கூடியது இந்த மறைமுகச் செலவுதான்.

கவனக்குறைவு சட்டத்தின் பார்வையிலும் நஷ்டஈட்டை மறுக்கப் போதுமான காரணமன்று. மது அருந்தியிருந்தாலோ, பாதுகாப்புக்கெனத் தெளிவாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினாலோ, தடுப்பை வேண்டுமென்றே அகற்றினாலோதான் மறுக்கலாம். மரணமும் நிரந்தர முழு ஊனமும் நேர்ந்தால் அப்போதும் மறுக்க இயலாது. தடுப்பை அகற்றியவர் யார் என்ற கேள்வியில் ஆய்வாளர் சற்று நின்று பார்க்க வேண்டும். மணிக்கு இத்தனை பாகங்கள் என்று இலக்கு வைத்து, அந்த இலக்கைத் தடுப்போடு எட்ட முடியாதபடி செய்துவிட்டால், தடுப்பைக் கழற்றும் கை தொழிலாளியுடையதாக இருந்தாலும் கட்டளை வேறோர் இடத்திலிருந்து வந்ததே.

அந்த இடம் சில சமயம் பட்டறைக்கும் வெளியே இருக்கும். மேலடுக்கு நிறுவனம் பாகத்தின் விலையையும் ஒப்படைக்கும் நாளையும் தீர்மானிக்கிறது. அதன் தர ஆய்வாளர் பட்டறைக்கு வந்து, துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் சிறு பின்னம் வரை அளந்து பார்க்கிறார். அதே பாகத்தை அடித்த பிரஸ்ஸில் தடுப்பு உண்டா, கீ கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, டையைப் பொருத்தியவர் பயிற்சி பெற்றவரா என்ற மூன்று கேள்விகளை அவரது படிவத்தில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நாட்டில் உள்ள தொழிற்சாலை ஆய்வாளர்கள் எட்டிப் பார்க்க முடியாத சந்துகளுக்கெல்லாம் இந்தத் தர ஆய்வாளர் ஏற்கெனவே போய் வருகிறார்.

பழைய பிரஸ்களைப் பற்றியும் ஒரு முடிவு வேண்டும். வசதியுள்ள ஆலை கீ கிளட்ச் பிரஸ்ஸை நீக்கிப் புதியதை வாங்கும்போது, பழையது உடைக்கப்படுவதில்லை. பெரும்பாலும் அது விலை குறைந்த சரக்காகச் சிறு பட்டறைக்குப் போய்ச் சேர்கிறது. விற்பனைச் சீட்டில் தடுப்புடன் விற்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் இத்தகைய இயந்திரம் கைமாறக் கூடாது என்று மாநில விதிகளில் சேர்க்கலாம். வாங்கும் பட்டறைக்குத் தடுப்புச் செலவில் ஒரு பகுதியை ஈட்டுறுதி நிதியிலிருந்தே கடனாகக் கொடுப்பதையும் பரிசீலிக்கலாம். ஒரு விரலுக்கு மாதம் 1,890 ரூபாய் வீதம் முப்பது ஆண்டுகளுக்குக் கழகம் கொடுக்கக் கூடியது 6,80,400 ரூபாய்.