மீட்டரில் இராமேசுவரம், பாகையில் கடல் எல்லை

பூமியின் வளைந்த பரப்பைத் தட்டையான தாளில் விரிக்கும் கணித முறையைப் புவியியல் பாடநூல்கள் கோட்டுச்சட்டம் என்கின்றன. இந்திய நில அளவைத் துறையின் இன்றைய பொதுப் பயன்பாட்டு வரைபடங்கள் யு.டி.எம். என்னும் கோட்டுச்சட்டத்தில் அமைவதால், அவற்றில் ஓரிடத்தை மீட்டரிலும் குறிக்கலாம். உலகை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கும் இம்முறையில், இராமநாதபுரம் கடற்கரை 78 முதல் 84 பாகை வரையிலான 44ஆம் மண்டலத்தில் அடங்குகிறது. இராமேசுவரம் கோயிலுக்குக் கிழக்களவு ஏறத்தாழ 3,15,000 மீட்டர், வடக்களவு ஏறத்தாழ 10,27,000 மீட்டர்.

இவ்வெண்களைப் பாகைக்கு மாற்ற, மண்டலத்தின் நடுவே செல்லும் 81 பாகைத் தீர்க்கக்கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். கழித்தல் குறி வராதிருக்க அக்கோட்டுக்கு 5,00,000 என்ற எண் தரப்பட்டிருப்பதால், கோயில் அதற்கு மேற்கே 1,85,000 மீட்டரில் இருப்பது தெரிகிறது. தாளில் செய்யப்பட்ட சிறு சுருக்கத்தை நீக்க 0.9996ஆல் வகுத்து, இந்த அட்சத்தில் ஒரு தீர்க்கப் பாகையின் நீளமான சுமார் 109.87 கிலோமீட்டரால் மீண்டும் வகுத்தால் 1.68 பாகை, அதாவது 79.32 பாகை கிழக்கு கிடைக்கிறது. வடக்களவையும் இவ்வாறே வெறுமனே வகுத்தால் கோயில் நானூறு மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிப்போகும்; அட்சக்கோடுகள் இச்சட்டத்தில் வளைந்தே விழுவதால் அதற்கென ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கணினி இதையெல்லாம் நொடியில் முடித்துவிடும் என்றாலும், எந்த மண்டலம் என்பதை மனிதரே சொல்ல வேண்டும்: 44க்குப் பதில் 43 என்று கொடுத்தால் இராமேசுவரம் அரபிக்கடலில், மினிக்காய்த் தீவுக்கு வடக்கே போய் நிற்கும். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்னும் வேறொரு பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவையாதலால், அவற்றின் பாகைகளை அப்படியே ஜி.பி.எஸ். கருவியில் இட்டால் இடம் நூறு மீட்டருக்கும் மேல் பிசகும்.

விசைப்படகுகளுக்கு இது ஏட்டுக் கணக்கன்று. 1974ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தம் பாக் நீரிணையின் எல்லையை ஆறு புள்ளிகளாக, பாகையிலும் தசமக் கலையிலும் வரையறுக்கிறது. கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கச்சத்தீவுக்கு அருகிலுள்ள நான்காம் புள்ளியின் அட்சம் 9 பாகை 21.80 கலை; இதை 9.2180 பாகை என்று கருவியில் பதிந்தால் புள்ளி 16 கிலோமீட்டர் தெற்கே இறங்கிவிடும். ஐந்தாம், ஆறாம் புள்ளிகள் இரண்டும் 79 பாகை 32 கலையிலேயே இருப்பதால் இடைப்பட்ட எல்லை நேர் வடக்கு-தெற்காக ஓடுகிறது. ஆனால் தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், அதே கோட்டை யு.டி.எம். கட்டங்களில் வரைந்தால் தென்முனையின் கிழக்களவு வடமுனையினதைவிட ஐம்பது மீட்டருக்குச் சற்று மேல் குறைந்திருக்கும்.